பில்டரிடம் புது வீடு: முன்பணத்திலிருந்து முதல் மழை வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையோ செங்கல்பட்டோ கோவையோ, புது பிளாட் வாங்குகிறவர்களுக்கு வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். விதிமுறைகள் தமிழ்நாட்டுக்கு உரியவை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: பில்டருக்குச் சேர வேண்டிய பாக்கி உங்கள் கையில் இருக்கும்வரைதான் உங்கள் பேச்சு எடுபடும். கீழே உள்ள பதில்களில் பாதி, எந்தக் காகிதம் வந்தபின் எந்தத் தொகையைக் கொடுப்பது என்பதைப் பற்றியதே.

ரெரா நம்பர் போர்டுலயே போட்டிருக்காங்க. அது போதாதா?

போதாது. ஆனால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ரெரா என்பது வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் சட்டம்; அதன்படி அமைந்த ஆணையத்தையும் அப்படியே சொல்வார்கள். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் அந்த எண்ணைத் தேடி, அனுமதி பெற்ற வரைபடம், மொத்த வீடுகளின் எண்ணிக்கை, பில்டர் வேலையை முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கும் தேதி மூன்றையும் பாருங்கள். விற்பனைக்கு நிற்கும் பையன் "வர்ற தைக்குச் சாவி சார்" என்பார். பதிவில் அதற்கு ஒன்றரை வருடம் தள்ளித் தேதி இருக்கும். பிறகு தாமதம் என்று சண்டை போட வாய்ச்சொல் உதவாது. ஒப்பந்தத்தில் எழுதிய தேதிதான் பேசும்.

நிலப்பரப்பு 500 சதுர மீட்டரைத் தாண்டாத, அல்லது 8 வீடுகளுக்கு மேற்படாத திட்டங்களுக்குப் பதிவு கட்டாயமில்லை. 500 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ இரண்டேகால் கிரவுண்டு. புறநகரில் ஒரு மனையில் நாலு பிளாட் கட்டி விற்கும் சிறு பில்டர்கள் பெரும்பாலும் இந்த விலக்குக்குள் வந்துவிடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ரெராவின் பாதுகாப்பு கிடைக்காது என்று எடுத்துக்கொண்டு, அதில் கிடைக்கக்கூடிய ஒவ்வொன்றையும் (முடிக்கும் தேதி, தாமத வட்டி, 5 வருடக் குறை நிவர்த்தி) ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். அங்கே வழக்கு என்று வந்தால் நுகர்வோர் ஆணையம்தான் வழி.

1,050 சதுரடின்னு சொல்றாங்க, உள்ளே அளந்தா 740தான் வருது. ஏமாத்துறாங்களா?

பெரும்பாலும் ஏமாற்று இல்லை. வேறு வேறு அளவுகளை ஒப்பிடுகிறீர்கள். 1,050 என்பது வெளிச்சுவர், பால்கனி, மாடிப்படி, லிஃப்ட், நடைபாதை என எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்த விற்பனை அளவு. ரெரா சட்டம் சொல்லும் கார்பெட் ஏரியா (வீட்டுக்குள் பயன்படும் பரப்பு) வேறு. உள்ளே உள்ள தடுப்புச் சுவர்கள் அதில் சேரும். வெளிச்சுவர், பால்கனி, திறந்த மாடி, குழாய் போகும் ஷாஃப்ட் சேராது. விற்பனை அளவில் 70 சதவீதம் கார்பெட் வருவது சகஜம்.

விலையைக் கார்பெட்டில்தான் ஒப்பிட வேண்டும். சதுரடி 6,500 ரூபாய் வீதம் 1,050 சதுரடிக்கு 68,25,000. அதை 740ஆல் வகுத்தால் 9,223 ரூபாய். பக்கத்துத் திட்டத்தில் சதுரடி 6,900 என்று கூடுதலாகச் சொன்னாலும், அங்கே கார்பெட் 78 சதவீதம் இருந்தால் அதுதான் மலிவு. கார்பெட் அளவை ஒப்பந்தத்தில் எண்ணாகவே எழுதச் சொல்லுங்கள். முடிவில் அளந்து குறைந்தால் அதே வீதத்தில் பணம் கழிக்கப்படும் என்ற வரியும் வேண்டும்.

யுடிஎஸ் எவ்வளவு வரணும்னு நானே கணக்குப் போட முடியுமா?

முடியும். யுடிஎஸ் என்பது மொத்த நிலத்தில் உங்கள் வீட்டுக்கு வரும் பிரிபடாத பங்கு. மொத்த நிலத்தை உங்கள் வீட்டின் விற்பனை அளவால் பெருக்கி, எல்லா வீடுகளின் மொத்த விற்பனை அளவால் வகுக்க வேண்டும். இரண்டு கிரவுண்டு நிலம் 4,800 சதுரடி, மொத்தக் கட்டுமானம் 9,600 சதுரடி, உங்கள் வீடு 1,050 என்றால் பிரிபடாத பங்கு 525 சதுரடி.

கோளாறு வருவது இங்கேதான்: சில பில்டர்கள் 525க்குப் பதில் 430 எழுதிவிட்டு, மிச்சத்தைத் தங்கள் பெயரிலேயே வைத்துக்கொள்வார்கள். பின்னாளில் இன்னொரு மாடி எழுப்பவோ, பழைய கட்டடத்தை இடித்துக் கட்டும்போது பங்கு கேட்கவோ அது உதவும். எல்லா வீடுகளின் பங்கையும் கூட்டினால் மொத்த நிலம் வர வேண்டும் (சாலைக்கோ பூங்காவுக்கோ தானப் பத்திரம் எழுதிக் கொடுத்த நிலம் போக). அந்தப் பட்டியலைக் கேட்டால் தர மறுக்கும் பில்டரிடம் மேற்கொண்டு பேசாமல் இருப்பது நல்லது.

புக்கிங்குக்கு இப்பவே 20 சதவீதம் கட்டணுமாம். கட்டலாமா?

கூடாது. ரெரா சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, விற்பனை ஒப்பந்தம் பதிவாவதற்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது. 10 சதவீதமும் முதல் நாளே கொடுக்க வேண்டியதில்லை. ஒரு சிறு தொகையைக் காசோலையில் கொடுத்து, "ஆவணச் சரிபார்ப்பில் குறை இருந்தால் முழுத் தொகையும் திரும்ப" என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொண்டு, வக்கீலிடம் பத்திர நகல்களைக் கொடுங்கள்.

பேங்க்காரங்களே லோன் அப்ரூவ் பண்ணிட்டாங்க. அப்போ பத்திரம் எல்லாம் கிளியர்தானே?

வங்கி பார்ப்பது தன் கடனுக்கு இந்தச் சொத்து ஈடாகுமா என்பதை. உங்கள் கார் நிறுத்தம் வரைபடத்தில் உள்ளதா, யுடிஎஸ் சரியா, தண்ணீர் வருமா என்பதெல்லாம் அவர்கள் கவலை இல்லை. தனியே ஒரு வக்கீலிடம் மூலப் பத்திரங்கள், 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, பவர் பத்திரம் இருந்தால் அதை எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பது வரை பார்க்கச் சொல்லுங்கள்.

வில்லங்கச் சான்றில் குறிப்பாகத் தேட வேண்டியது, பில்டர் இந்த நிலத்தை அடகு வைத்துக் கடன் வாங்கியிருக்கிறாரா என்று. பத்திரங்களை ஒப்படைத்து வாங்கிய கடன் பதிவாகியிருந்தால் அதில் தெரியும். அது தவறல்ல, பல பெரிய திட்டங்கள் அப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் உங்கள் வீட்டு எண்ணைக் குறிப்பிட்டு "இதன்மேல் எங்களுக்கு உரிமை இல்லை" என்று கடன் கொடுத்தவர் தரும் கடிதம் இல்லாமல் கிரையம் செய்யாதீர்கள்.

வீட்டு விலை போக இன்னும் எவ்வளவு எடுத்து வைக்கணும்?

அடுக்குமாடியில் பில்டரிடமிருந்து முதல் முறை வாங்கும் பிளாட்டுக்கு, 2023 டிசம்பர் 1 முதல் நிலப் பங்கையும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே கிரையப் பத்திரமாகப் பதிகிறார்கள். 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம். 50 லட்சம் முதல் 3 கோடி வரை 5. அதற்கு மேல் 7. எல்லாவற்றுக்கும் பதிவுக் கட்டணம் 2 சதவீதம். தனி வீடாக வாங்கினால் இந்தச் சலுகை இல்லை, 7 கூட்டல் 2.

கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். விலை 45 லட்சத்துக்குள்ளும், கார்பெட் சென்னைப் பெருநகரில் 60 சதுர மீட்டருக்குள்ளும் (பெருநகரல்லாத ஊர்களில் 90) இருந்தால் 1 சதவீதம். பணி நிறைவுச் சான்று (அனுமதிப்படி கட்டி முடித்ததாக அனுமதி கொடுத்த அலுவலகம் தருவது) வந்தபின் வாங்கி, முழுப் பணத்தையும் அதன்பிறகே கொடுத்தால் ஜிஎஸ்டியே இல்லை. 68 லட்சத்து 25 ஆயிரம் வீட்டில் அது 3,41,250 ரூபாய் மிச்சம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீதம் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்து நீங்களே வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டும். இது கூடுதல் செலவு அல்ல, பில்டருக்குத் தரும் தொகையிலிருந்து கழிப்பது. கட்ட மறந்தால் நோட்டீஸ் வருவது உங்களுக்குத்தான்.

இதற்கு மேல் ஈ.பி. டெபாசிட், குடிநீர், கழிவுநீர் இணைப்பு, சங்க நிதி, முன்கூட்டிய பராமரிப்பு, "டாக்குமென்டேஷன் சார்ஜ்" என்று ஒரு பட்டியல் சாவி கொடுக்கும் வாரத்தில் நீளும். இவற்றை முன்பணம் கொடுக்கும் நாளிலேயே தொகையோடு எழுதி வாங்குங்கள்.

பணி நிறைவுச் சான்று இன்னும் வரலை, ஆனா குடிவரலாம்னு பில்டர் சொல்றார். கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்த்தாச்சு.

நாளைத் தள்ளிப் போடுவதே மேல். அந்தச் சான்று இல்லாமல் நிரந்தர மின் இணைப்பும் குடிநீர், கழிவுநீர் இணைப்பும் கிடைக்காது. கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பிலேயே வீட்டுக்கு மின்சாரம் கொடுப்பார்கள். அதன் கட்டணம் வீட்டு இணைப்பைவிட மிக அதிகம், பில் எல்லோர் தலையிலும் பங்காக விழும். சிறு கட்டடங்களுக்கு விலக்கு உண்டு. வரம்பு அரசாணைகளில் மாறியிருப்பதால், உங்கள் கட்டடம் அதில் வருகிறதா என்பதை அனுமதி கொடுத்த அலுவலகத்தில் கேளுங்கள், பில்டர் சொல்லைக் கொண்டு முடிவெடுக்காதீர்கள்.

சான்று வராததற்குக் காரணம் பெரும்பாலும் வரைபட மீறல்: பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தைக் குறைத்திருப்பார்கள், அல்லது மொட்டை மாடியில் ஓர் அறை கூடுதலாக இருக்கும். "அடுத்த வாரம் வந்துடும்" என்று நாலு மாதம் கேட்டால் அனுமதி வரைபடத்தோடு கட்டடத்தைச் சுற்றி ஒருமுறை டேப் வைத்து அளந்து பாருங்கள்.

சாவி வாங்கறதுக்கு முன்னாடி வீட்டை எப்படிப் பார்க்கணும்? எதைப் பார்க்கறதுன்னே தெரியலை.

பெயின்ட் கடைசிக் கோட் அடிப்பதற்கு முன் ஒரு முறை, சாவிக்கு ஒரு வாரம் முன் ஒரு முறை. பகல் வெளிச்சத்தில், மின்சாரமும் தண்ணீரும் இருக்கும் நாளில் போங்கள். கையில் டேப், ஒரு நாணயம், மூன்று விளக்கு உள்ள சாக்கெட் டெஸ்டர் (கடைகளில் சில நூறு ரூபாய்), ஒரு பக்கெட், பழைய துணி, மாஸ்கிங் டேப் போதும். குறை கண்ட இடத்தில் டேப் ஒட்டி எண் எழுதிப் படம் எடுங்கள். வெறும் "ஹாலில் டைல் சரியில்லை" என்றால் மேஸ்திரி எதையோ தட்டிவிட்டு முடிந்தது என்பார்.

டைல்களை நாணயத்தால் நாலு மூலையிலும் நடுவிலும் தட்டுங்கள். டொக்கென்று வெற்றொலி வந்தால் அடியில் கலவை முழுதாகப் பரவவில்லை. ஐந்து உருண்டை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். பீரோ, கட்டில் கால் அங்கே வந்தால் மூலை உடையும். ஓரத்தில் சிறிது வெற்றொலி பரவாயில்லை, டைலின் பாதிக்கு மேல் என்றால் மாற்றச் சொல்லுங்கள். இதே டைல் பின்னால் கிடைக்காது என்பதால் ஒவ்வொரு வகையிலும் ஒரு பெட்டி உபரியாகக் கேட்டு வாங்குங்கள்.

பாத்ரூமில் ஒரு பக்கெட் தண்ணீரை வாசலோரம் ஊற்றுங்கள். 100க்கு 1 என்ற சரிவாவது இருந்தால் தண்ணீர் தானே ட்ராப்புக்கு (தரையில் உள்ள வடிகால் வாய்) போகும். மூலையில் தேங்கினால் டைலைப் பெயர்த்துத்தான் சரிசெய்ய முடியும், எனவே சாவிக்கு முன்பே சொல்ல வேண்டிய குறை இது. பிறகு ட்ராப்பைத் துணியால் அடைத்து, 25 மி.மீ. தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விட்டு, கீழ்வீட்டுக் கூரையைப் பாருங்கள். டைல் ஒட்டுவதற்கு முன்பே 48 மணி நேரம் இப்படித் தேக்கிப் பார்த்திருக்க வேண்டும். அதன் படங்களை சைட் இன்ஜினியரிடம் கேளுங்கள்.

மின்சாரத்தில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) மேல் இருக்கும் "டி" பொத்தானை அழுத்தினால் உடனே அதன் சுவிட்ச் விழ வேண்டும். விழாவிட்டால் அது அலங்காரத்துக்கு இருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்கு 30 மில்லிஆம்பியர் வகை வேண்டும். எல்லா சாக்கெட்டிலும் டெஸ்டரைச் செருகி எர்த் இருக்கிறதா பாருங்கள். ஏசி, கீசர் பாயின்டுகளுக்கு 4 சதுர மி.மீ. வயர் போட்டிருக்கிறார்களா என்று ஒரு பாயின்டைக் கழற்றிக் காட்டச் சொல்லலாம். 2.5 போட்டுவிட்டு ஒப்பந்தத்தில் 4 என்று எழுதியிருப்பது உண்டு.

மேல் மாடி வீட்டுல ஷவர்ல தண்ணி நூல் மாதிரி வருது. பில்டர் குறையா?

பெரும்பாலும் தொட்டியின் உயரக் குறை. 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம் என்பது கணக்கு. தொட்டி அடிமட்டம் உங்கள் ஷவருக்கு மேல் 3 மீட்டர் என்றால் கிடைப்பது 0.3 பார்தான், பெரிய மழை ஷவருக்கு அது போதாது. மேல் மாடி வாங்குபவர்கள் பிரஷர் பம்ப் பொருத்த இடமும் மின் பாயின்டும் ஒப்பந்தத்திலேயே கேட்டு வைக்கலாம். கீழ் மாடியிலும் இப்படி வந்தால் குழாயில் சிமென்ட் அல்லது டேப் துணுக்கு அடைத்திருக்கும். முதலில் குழாய்த் தலையின் வலையைக் கழற்றிப் பாருங்கள்.

ஆறே மாசத்துல சுவர்ல கிராக் விட்டுடுச்சு. கட்டடம் பலமில்லையா?

கிராக் எங்கே, எந்தத் திசையில் என்பதைப் பொறுத்தது. தூணும் சுவரும் சேரும் இடத்தில் செங்குத்தாகவோ, பீமுக்கு அடியில் படுக்கைவாட்டிலோ நேர்கோடாக இருந்தால் அது இணைப்பு விரிசல். கான்கிரீட்டும் செங்கலும் (இப்போதெல்லாம் ஏஏசி பிளாக் என்ற எடை குறைந்த கல்) வெயிலிலும் ஈரத்திலும் ஒரே அளவு சுருங்கி விரிவதில்லை. பூசும்போது அந்த இணைப்பின்மேல் வலை ஒட்டியிருக்க வேண்டும், கடைசி வரிசைக் கல்லை பீமோடு அவசரமாக அடைக்காமல் சில நாள் விட்டிருக்க வேண்டும். இரண்டையும் செய்யாததால் வந்தது. வலை போல மெல்லிய மயிரிழைக் கோடுகள் என்றால் பூச்சுக்குச் சரியாகத் தண்ணீர் காட்டவில்லை.

இவற்றை உடனே பட்டி வைத்து மூடச் சொல்லாதீர்கள், மறுபடி விடும். ஒரு கோடையும் ஒரு மழையும் போன பிறகு, விரிசலை ஆங்கில வி வடிவில் வெட்டி, தூசி நீக்கி, பாலிமர் கலந்த ஃபில்லர் நிரப்பி, மேலே ஃபைபர் வலை ஒட்டி, பிறகு பட்டியும் பெயின்ட்டும். பில்டர் ஆட்கள் வலையைத் தவிர்த்துவிடுவார்கள். பக்கத்தில் நின்று செய்யச் சொல்லுங்கள்.

பீமிலோ தூணிலோ விரிசல், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக 3 மி.மீ.க்கு மேல் அகலம், துருக் கறை, தரை ஒரு பக்கம் இறங்குவது: இதில் எது தெரிந்தாலும் பில்டர் ஆளை நம்பாமல் தனி ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழையுங்கள். அதுவரை விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே சிறு கண்ணாடித் துண்டை ஒட்டினால், விரிசல் நகரும்போது அது உடையும்.

ஐப்பசி மழையில ஜன்னல் வழியா தண்ணி உள்ளே வருது, கதவும் சாத்த முடியலை.

யுபிவிசி (கடினப் பிளாஸ்டிக்) ஜன்னலில் கீழ்த் தடத்தில் தண்ணீர் வெளியேறச் சிறு துளைகள் இருக்கும். பெயின்டர் சிமென்ட்டாலோ பட்டியாலோ அதை அடைத்திருப்பார்; குத்தி எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். மீதி, சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே வெளிப்பக்கம் அடைக்கும் சிலிக்கோன் பசை விடுபட்டுப் போனது, அல்லது ஜன்னலடிக் கல் உள்நோக்கிச் சரிந்திருப்பது. கல்லின் சரிவு பெரிய வேலை, குறைப்பட்டியலில் எழுதுங்கள்.

கதவை மழைக்காலத்தில் இழைக்காதீர்கள். மாசியில் அது காய்ந்து சுருங்கியதும் இடைவெளி விழும். கதவின் மேல் விளிம்பும் அடி விளிம்பும் பெயின்ட் பார்க்காமல் இருப்பதால்தான் ஈரம் ஏறுகிறது. காய்ந்தபின் கழற்றி அந்த இரண்டு விளிம்பிலும் சீலர் அடிக்கச் சொல்லுங்கள்.

"குறை எதுவும் இல்லை, திருப்தி"ன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க. இனிமே கேட்க முடியாதா?

கேட்கலாம். ரெரா சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறை, வேலைத்தரக் குறைகளை, நீங்கள் சுட்டிக்காட்டிய 30 நாளுக்குள் பில்டர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் "ஓராண்டு மட்டும்" என்று எழுதியிருந்தாலும் இதுதான் செல்லும். குழாய், மோட்டார் போன்ற வாங்கிப் பொருத்தியவற்றுக்குக் கம்பெனி வாரன்டி அட்டைகளைத் தனியே கேட்டு வாங்குங்கள்.

ஆனால் இன்டீரியர் ஆட்கள் பாத்ரூம் தரையைத் தோண்டினாலோ, பீமில் சந்து வெட்டினாலோ, பில்டர் பொறுப்பைத் தட்டிக்கழிக்கக் காரணம் கிடைத்துவிடும். வேலை தொடங்கும் முன் எல்லா அறையையும் தேதியோடு வீடியோ எடுத்து வையுங்கள்.

குறை இருக்குன்னு சாவியே வாங்காம இருக்கலாமா?

கவனம். பணி நிறைவுச் சான்று வந்த 2 மாதத்துக்குள் வீட்டை எடுத்துக்கொள்வது வாங்குபவரின் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. காலவரையின்றி மறுத்தால் பராமரிப்புக் கட்டணமும் கடன் வட்டியும் ஓடும், வழக்கிலும் உங்கள் பக்கம் பலவீனமாகும். ஒழுகல், மின் ஆபத்து போன்ற பெரிய குறைகளை முடித்த பிறகு வாங்குவதாக மின்னஞ்சல் அனுப்புங்கள். சில்லறைக் குறைகளுக்கு, பட்டியலை இணைத்து "இவற்றுக்கு உட்பட்டுப் பெறுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். இதற்காகத்தான் பணத் தவணை அட்டவணையில் கடைசி 5 சதவீதமாவது சாவிக்கு என்று இருக்க வேண்டும். மேலே சொன்ன 68 லட்சத்து 25 ஆயிரம் வீட்டில் அது மூன்று லட்சத்து நாற்பதாயிரத்துச் சொச்சம். மேஸ்திரியைத் திரும்ப வரவழைக்க அந்தத் தொகை போதும்.

கார் பார்க்கிங்குக்கு நாலு லட்சம் தனியாக் கேக்கறாங்க. சட்டப்படி விற்கலாமா?

திறந்தவெளி நிறுத்தம் ரெரா சட்டப்படி பொது இடம், அதைத் தனியாருக்கு விற்க முடியாது. கூரையுள்ள இடத்தை ஒதுக்கிப் பணம் வாங்குவது நடைமுறையில் உண்டு. அப்படியானால் இட எண், நீள அகலம், வரைபடத்தில் அதன் இருப்பு மூன்றும் ஒப்பந்தத்தில் வர வேண்டும். 2.5க்கு 5 மீட்டர் என்பது சாதாரணக் காருக்குத் தேவையான அளவு. உங்கள் காரை எடுக்கப் பின்னால் நிற்பவர் காரை நகர்த்த வேண்டுமா என்று நேரில் நின்று பாருங்கள்.

சாவி ரெண்டு வருஷம் லேட். பில்டர் மணல் தட்டுப்பாடுங்கறார். என்ன கேட்கலாம், எங்கே போகணும்?

இரண்டு வழி. வேண்டாம் என்று விலகினால் கட்டிய பணம் முழுவதும் வட்டியோடு திரும்ப. வீடு வேண்டும் என்றால், தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி. தமிழ்நாட்டு விதிப்படி அது ஸ்டேட் பாங்கின் எம்சிஎல்ஆர் (கடன்களுக்கு வங்கி வைக்கும் அடிப்படை வட்டி) வீதத்துடன் 2 சதவீதம் சேர்த்து. மணல் விலை, ஆள் பற்றாக்குறை இவை பில்டரின் தொழில் ஆபத்து. போர், வெள்ளம், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கம் போன்றவைதான் சட்டம் ஏற்கும் தடைகள்.

பணம் திரும்பப் பெறவும் வட்டிக்கும் ரெரா ஆணையத்திடம் படிவம் எம். மன உளைச்சல், வாடகை போன்ற இழப்பீட்டுக்குத் தீர்ப்பு அலுவலரிடம் படிவம் என். இரண்டையும் ஒரே மனுவில் கலந்தால் அலைய வேண்டியிருக்கும். ஒப்பந்தம், ரசீதுகள், வங்கி அறிக்கை, விளம்பரப் பிரசுரம் (அதில் சொன்ன நீச்சல்குளமும் வாக்குறுதிதான், 12ஆம் பிரிவு), மின்னஞ்சல்கள் இவற்றைத் தேதிவாரியாக அடுக்கி இணையுங்கள். வாட்ஸ்அப் பேச்சை மட்டும் நம்பாமல் அதன் சாரத்தை அன்றன்றே மின்னஞ்சலாக பில்டருக்கு அனுப்பிவிடுங்கள். உத்தரவு வந்தபின்னும் பில்டர் கட்டவில்லை என்றால், அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போட வேண்டும். தொகை நிலவரிப் பாக்கிபோல வருவாய்த் துறை வழியாக வசூலாகும். அதற்கு பில்டர் பெயரில் உள்ள மற்ற சொத்துகளின் சர்வே எண்களை நீங்களே திரட்டிக் கொடுத்தால் வேலை வேகமாக நகரும்.